மாஸ்கோவுக்குப் போகாத வெற்றி



1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூர் மெர்டேக்கா விளையாட்டரங்கில் மலேசியாவும் தென்கொரியாவும் காற்பந்து இறுதியாட்டத்தில் மோதின. மலேசியா 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. வெல்லும் குழுவுக்குக் காத்திருந்தது அவ்வாண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டியில் விளையாடும் வாய்ப்பு. ஆட்டத்தை வென்ற நம் வீரர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவேயில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். காற்பந்துச் செய்தியாக மட்டும் இதனை நான் எழுதவில்லை. பிள்ளைகள் உழைத்துப் பெற்ற ஒன்றைப் பெரியவர்களாகிய நாம் பல காரணங்களுக்காகத் தடுத்துவிடும் நாள்கள் நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் வருகின்றன. அத்தகைய நாளில் பிள்ளையிடம் என்ன சொல்வது? இக்கேள்விக்கு விடை தேடும்போதெல்லாம் எனக்கு அந்த 1980-ஆம் ஆண்டு ஆட்டமே நினைவுக்கு வருகிறது.

முதலில் அந்தப் போட்டி எத்தகையது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒலிம்பிக் காற்பந்தில் எல்லா நாடுகளும் கலந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் தகுதிச் சுற்று நடக்கும். அதில் வெல்பவர்களே அடுத்த கட்டத்திற்குச் செல்வார்கள். 1980-இல் நம் வட்டாரத்துத் தகுதிச் சுற்று கோலாலம்பூரிலேயே நடந்தது. மலேசியா, தென்கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை ஆகிய ஆறு நாடுகள் அதில் இறங்கின. ஆறு நாடுகளுக்கும் சேர்த்து ஓரிடம் மட்டுமே. நாடுகள் ஒன்றோடொன்று மோதி முடித்த பிறகு, பட்டியலில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த மலேசியாவும் தென்கொரியாவும் இறுதியாட்டத்தில் சந்தித்தன.

அதற்கு முன்னர் மலேசியா ஒரே ஒருமுறைதான் ஒலிம்பிக் காற்பந்தில் விளையாடியிருந்தது. அது 1972-இல் மியூனிக் நகரில். அங்கு அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்று முதல் சுற்றோடு திரும்பினோம். எட்டாண்டுகள் கழித்து மீண்டும் ஒரு வாய்ப்பு, அதுவும் சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னிலையில் வந்தது. நாடே அந்த ஆட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருந்ததில் வியப்பில்லை.

ஆட்டம் நடந்த இடமும் சாதாரண இடமன்று. மெர்டேக்கா விளையாட்டரங்கம் 1957 ஆகஸ்டு 30-இல் திறக்கப்பட்டது. மறுநாள் அங்கேதான் துங்கு அப்துல் ரகுமான் நாட்டின் விடுதலையை அறிவித்தார். குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1975-இல் ஜோ பக்னருடன் மோதியதும் அங்கேதான். இன்று அதன் பக்கத்தில் 118 மாடிகள் கொண்ட மெர்டேக்கா 118 கோபுரம் உயர்ந்து நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோனோரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் அப்பகுதிக்குச் சென்றுவிடலாம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுப்பவர்களுள் எத்தனை பேர் கீழே இருக்கும் அந்தப் பழைய அரங்கத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

நான் பிறந்தது 1981-இல். ஆகவே, அந்த ஆட்டம் எனக்குச் செவிவழிச் செய்திதான். சொன்னவர் என் தந்தையார். கிள்ளான் துறைமுகத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்த அவர், நண்பர்கள் நால்வரோடு பேருந்து ஏறிக் கோலாலம்பூர் சென்று அந்த ஆட்டத்தைப் பார்த்தவர். "பார்த்தவர்" என்று நான் சொன்னால் அவர் திருத்துவார். "எங்கம்மா பாத்தேன்? முன்னால நின்னவன் எல்லாம் என்னவிட உயரம். சத்தத்த வச்சித்தான் ஆட்டத்தயே தெரிஞ்சிக்கிட்டேன்" என்பார். நம் கோலுக்கு எழுந்த சத்தமும் கொரியா அடித்த கோலுக்கு விழுந்த அமைதியும் இன்றும் அவர் காதில் இருக்கின்றனவாம். ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது பேருந்தில் ஏற முடியாத அளவுக்குக் கூட்டம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர் குடியிருப்பில் இருந்த என் சின்னத் தாத்தா வீட்டுக்கு ஐவரும் நடந்தே போயிருக்கிறார்கள். வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கைகொடுத்தார்கள் என்று தந்தையார் சொல்வார். சீனர் கடையில் காப்பிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்களாம்.

வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவர் ஹசான் சானி. இருவரும் சபா மாநிலத்திலிருந்து வந்தவர்கள். தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் தூண்களாக நின்றார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஆர். ஆறுமுகம்.

ஆறுமுகத்தின் நீண்ட கைகளைப் பார்த்து மக்கள் அவருக்கு இட்ட பெயர் "ஸ்பைடர்மேன்". சிலாங்கூர் குழுவுக்கும் நாட்டுக்கும் பல ஆண்டுகள் கோல் காவலராக இருந்தவர். அந்நாளில் தோட்டத்துத் திடல்களில் கோல் காக்க நின்ற ஒவ்வொரு பையனும் தன்னை ஆறுமுகமாகவே நினைத்துக்கொண்டான் என்று என் தந்தையார் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கம்பங்களுக்குப் பதிலாக இரண்டு காலணிகள், வலைக்குப் பதிலாகப் பின்னால் இருந்த வேலி. அவ்வளவுதான் அவர்களுடைய அரங்கம்.

இனி, அந்த வெற்றிக்குப் பின்னால் நடந்ததைப் பார்ப்போம்.

1979 டிசம்பர் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதனைக் கண்டித்து, மாஸ்கோவில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்று அமெரிக்கா அறைகூவல் விடுத்தது. 1980 மார்ச்சு 21-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தம் நாட்டு விளையாட்டாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, அமெரிக்கக் குழு மாஸ்கோவுக்குச் செல்லாது என்று நேரில் சொன்னார். நம் வீரர்கள் மெர்டேக்கா அரங்கில் இறுதியாட்டத்தில் இறங்கியது அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து. உலகெங்கும் புறக்கணிப்பைப் பற்றிய பேச்சு நாளிதழ்களை நிறைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

முடிவில் 60-க்கும் மேற்பட்ட நாடுகள் மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. நம் இடத்தில் ஈராக் அழைக்கப்பட்டது. அந்தக் குழு காலிறுதி வரை முன்னேறி, கிழக்கு ஜெர்மனியிடம் தோற்றது. நம் வீரர்கள் அதனைச் செய்தியாகத்தான் அறிந்திருப்பார்கள்.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். புறக்கணிப்பு என்ற முடிவு காரணமில்லாமல் எடுக்கப்பட்டதன்று. ஒரு சிறிய நாட்டுக்குள் பெரிய நாட்டின் படை நுழைந்தது உண்மை. அதனைக் கண்டிக்க வேண்டும் என்று பல அரசாங்கங்கள் எண்ணியதும் இயல்பே. ஆனால், அந்தக் கண்டனத்திற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார்? பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்திருந்தவர்கள் அல்லர். திடலில் வியர்வை சிந்தியவர்கள்தாம் கொடுத்தார்கள். ஓர் ஆட்டக்காரருடைய உடல் உச்சநிலையில் இருப்பது சில ஆண்டுகள் மட்டுமே. நான்காண்டு கழித்து வாருங்கள் என்று அவரிடம் சொல்வது எளிது. நான்காண்டு கழித்து யாருடைய கால் யாருக்குக் காத்திருக்கும்? மலேசியக் காற்பந்துக் குழு அதற்குப் பிறகு இன்றுவரை ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவே இல்லை.

வேறு வழியே இல்லையா என்றால், அதற்கும் சான்று இருக்கிறது. பிரிட்டன் அரசாங்கம் புறக்கணிப்பை வலியுறுத்தியபோதும் அந்நாட்டு ஒலிம்பிக் சங்கம் தன் விளையாட்டாளர்களை அனுப்பியது. செபாஸ்டியன் கோ அங்கு 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஒரே அரசியல் சூழலில் ஒரு நாட்டின் விளையாட்டாளர்கள் ஓடினார்கள். இன்னொரு நாட்டின் விளையாட்டாளர்கள் வீட்டில் இருந்தார்கள்.

இன்னொரு செய்தி என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. கோலாலம்பூரில் மோதிய அந்த ஆறு நாடுகளின் பெயர்களை மீண்டும் பாருங்கள். தென்கொரியா மாஸ்கோவைப் புறக்கணித்தது. ஜப்பான் புறக்கணித்தது. இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் செல்லவில்லை. புருணையும் அந்த ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளவில்லை. அதாவது, ஓரிடத்திற்காகப் போராடிய ஆறு குழுக்களுள் எது வென்றிருந்தாலும் மாஸ்கோ திடலை மிதித்திருக்காது. இருந்தும், அந்த ஆட்டத்தைப் பார்த்த எவரும் இரண்டு குழுக்களும் அரைமனத்தோடு ஆடின என்று சொன்னதில்லை. பரிசு கைக்கு வருமா வராதா என்ற கணக்கையெல்லாம் திடலுக்கு வெளியே வைத்துவிட்டு அவர்கள் ஆடியிருக்கிறார்கள்.

இதே மாஸ்கோவில் தமிழர் ஒருவர் தங்கப் பதக்கம் வாங்கினார் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இந்திய வளைகோல் பந்துக் குழுவுக்கு அவ்வாண்டு தலைமையேற்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். இறுதியாட்டத்தில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்றது. ஆனால், 1978 உலகக் கிண்ணத்தை வென்றிருந்த பாகிஸ்தானும் வலிமை வாய்ந்த மேற்கு ஜெர்மனியும் புறக்கணிப்பால் வரவில்லை. அதனால், "பெரிய குழுக்கள் வராதபோது கிடைத்த தங்கந்தானே" என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பாஸ்கரனின் குழு செய்த குற்றம் என்ன? எதிரே வந்து நின்றவர்களோடு ஆடினார்கள், வென்றார்கள். இங்கே கோலாலம்பூரில் வெற்றி இருந்தது, பயணம் இல்லை. அங்கே மாஸ்கோவில் பதக்கம் இருந்தது, பதக்கத்தின் மீது ஒரு முணுமுணுப்பும் இருந்தது. இரண்டு இடங்களிலும் விளையாடியவர்கள் தங்கள் பங்கைச் சரியாகவே செய்திருந்தார்கள்.

இவற்றையெல்லாம் நான் ஏன் துருவித் துருவிப் படித்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குப் புறப்பாட நடவடிக்கைகள் குறித்தும் பாடம் இருந்தது. விளையாட்டு பிள்ளைகளிடம் ஒத்துழைப்பையும் கட்டொழுங்கையும் வளர்க்கும் என்று குறிப்பெடுத்துத் தேர்வும் எழுதினோம். வென்ற பிள்ளையை அடுத்த சுற்றுக்கு அனுப்ப முடியாதபோது அவனிடம் எப்படிப் பேசுவது என்பது அந்தக் குறிப்பில் இல்லை.

2017-ஆம் ஆண்டு. கிள்ளான் வட்டாரத்தில் நான் அப்போது பணியாற்றிய ஒரு தமிழ்ப்பள்ளியில் காற்பந்துக் குழுவுக்குப் பொறுப்பாசிரியர்களுள் ஒருத்தியாக இருந்தேன். எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது. பயிற்சியை உடற்கல்வி ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பெயர்ப்பட்டியல், பெற்றோர் அனுமதிக் கடிதம், தண்ணீர், முதலுதவிப் பெட்டி, வண்டி ஏற்பாடு ஆகியவை என் பொறுப்பு. சிறிய பள்ளி. பதினோரு பேரைச் சேர்ப்பதற்கே நான்காம் ஆண்டு மாணவர்களையும் அழைக்க வேண்டியிருந்தது. அந்தக் குழு யாரும் எதிர்பாராத வகையில் மண்டல அளவிலான இறுதியாட்டம் வரை சென்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய பள்ளியை 1-0 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் எங்கள் கோல் காவலன் தடுத்த பந்துகளை எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன். ஆறாம் ஆண்டு மாணவன்; ஒல்லியான உடம்பு; கையுறை அவன் அண்ணனுடையது, இரண்டு அளவு பெரியது. ஆட்டம் முடிந்ததும் மைலோ வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்று மூன்று குவளை குடித்தான்.

அடுத்த சுற்று நடக்கவிருந்த நாளில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தேர்வுப் பயிலரங்கு ஒன்று முன்னரே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அக்காலத்தில் நம் பள்ளிகளின் மூச்சாக இருந்ததை நீங்கள் அறிவீர்கள். பயிலரங்குக்கு வெளியிலிருந்து பேச்சாளர் வருகிறார், பணமும் கட்டியாயிற்று. குழுவில் ஆறு பேர் ஆறாம் ஆண்டு மாணவர்கள். அவர்களை விட்டுவிட்டால் குழுவே இல்லை. பேசிப் பார்த்தோம். பெற்றோர்களுள் சிலர் "விளையாட்டு சோறு போடுமா டீச்சர்?" என்று கேட்டார்கள். நிருவாகத்தின் நிலையும் அதுவாகவே இருந்தது. குழு விலகிக்கொண்டது. விதிமுறைப்படி நாங்கள் தோற்கடித்த பள்ளி எங்கள் இடத்தில் அடுத்த சுற்றுக்குச் சென்றது.

மறுநாள் ஓய்வு நேரத்தில் அந்தக் கோல் காவலன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். அழவில்லை. கோபமாகவும் இல்லை.

"டீச்சர், அவங்க போறாங்கன்னா, அவங்கதான் ஜெயிச்சதா எழுதிடுவாங்களா?"

அவன் கவலை அடுத்த சுற்றைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. நடந்து முடிந்த ஆட்டம் இல்லாமல் போய்விடுமோ என்பதே அவன் அச்சம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இப்படியோர் அச்சம் வரும் என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 2016-இல், சியூ கெங் குவான் இயக்கிய "ஓலா போலா" திரைப்படம் வந்திருந்தது. 1980-ஆம் ஆண்டுக் குழுவின் கதையை அடிப்படையாகக் கொண்டு, கற்பனைக் கதைமாந்தர்களை வைத்து எடுக்கப்பட்ட படம். அதில் முத்து என்ற தமிழ்க் கோல் காவலர் வருவார். எங்கள் மாணவர்கள் அப்படத்தைப் பார்த்திருந்தார்கள். ஆகவே, அவனிடம் கேட்டேன்: "முத்து நெசமா யாருன்னு தெரியுமா?" தெரியாது என்றான். ஆறுமுகத்தைப் பற்றிச் சொன்னேன். தென்கொரியாவை வென்றதைச் சொன்னேன். அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை என்பதையும் ஈராக் போனதையும் சொன்னேன்.

"அப்ப ஈராக் ஜெயிச்சதாவா எழுதியிருக்காங்க?"

"இல்லப்பா. ஏப்ரல் 6, மலேசியா 2, தென்கொரியா 1. அது அப்படியேதான் இருக்கு. யாராலயும் மாத்த முடியாது."

சற்று நேரம் யோசித்தான். பிறகு, "நம்மளுது எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அன்று மாலையே ஒரு மணிலா அட்டையை எடுத்து, ஆட்டத்தின் நாள், இரண்டு பள்ளிகளின் பெயர், கோல் கணக்கு, நம் குழுவினர் பதினெட்டுப் பேரின் பெயர்கள் ஆகியவற்றை அவனும் நண்பர்களும் எழுதினார்கள். மேற்பெயரில் எழுத்துப் பிழை வந்துவிட்டதென்று நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் பிடிவாதமாக அட்டையை மாற்ற வைத்தான். அது விளையாட்டு அறிவிப்புப் பலகையில் அவ்வாண்டு முடியும்வரை இருந்தது. கீழ்வகுப்புப் பிள்ளைகள் அதன்முன் நின்று பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்ததை நான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளை எப்போதும் விளையாட்டுக்கே அனுப்ப வேண்டும் என்று நான் வாதாடவில்லை. குடும்பத்தில் இடர் வரலாம். உடல்நலம் தடுக்கலாம். சில நேரம் தேர்வே முதன்மையாகலாம். அரசாங்கங்களுக்கு ஆப்கானிஸ்தான் இருந்ததுபோல் நமக்கும் நியாயமான காரணங்கள் இருக்கும். ஆனால், முடிவை எடுப்பவர்கள் நாமாகவும் விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகளாகவும் இருக்கும்போது நமக்குச் சில கடமைகள் உண்டு.

முதலாவது, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்வது. கார்ட்டர் எடுத்த முடிவை ஏற்காத அமெரிக்க விளையாட்டாளர்கள் பலர் இருந்தனர். ஆயினும், அவர்களை அழைத்து நேரில் சொன்னார். நாமோ பல நேரங்களில் பிள்ளைக்குத் தகவலே கொடுப்பதில்லை. வண்டி வராது என்பதை அவன் காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது தெரிந்துகொள்கிறான்.

இரண்டாவது, "இது வெறும் விளையாட்டுத்தானே" என்று சொல்லாதிருப்பது. அடுத்த சுற்றுக்கு அனுப்பாததைவிட அந்தச் சொல்தான் ஆழமாகக் காயப்படுத்துகிறது. அவன் பல மாதங்கள் வெயிலில் ஓடியதை ஒரே சொல்லில் இல்லையென்று ஆக்கிவிடுகிறோம். அதே வாயால் மறுநாள் விடாமுயற்சியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம்.

மூன்றாவது, வெற்றியைப் பதிவு செய்வது. இதுதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்த மலேசியக் குழு, தென்கிழக்காசியக் கிண்ண இறுதியில் இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0 என்றும், இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4-2 என்றும் வென்றபோது, டிசம்பர் 31 பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் முதல் துறைமுகத் தொழிலாளர்கள் வரை அந்த வெற்றியைக் கொண்டாடினார்கள். 1980-ஆம் ஆண்டுக் குழுவின் கதை வெள்ளித்திரைக்கு வந்து புதிய தலைமுறையைச் சேர்வதற்கோ 36 ஆண்டுகள் ஆயின. திரையரங்கில் மக்கள் எழுந்து நின்று கைதட்டியதாகச் சொன்னார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்க ஆறுமுகம் உயிரோடு இல்லை. 1988 டிசம்பரில், முப்பத்தைந்து வயதில், சாலை விபத்தில் அவர் இறந்துவிட்டார்.

பாராட்டுவதற்கு 36 ஆண்டுகள் காத்திருக்க நம்மிடம் எந்தக் காரணமும் இல்லை. ஓர் அட்டையும் எழுதுகோலும் போதும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆயினும், பயிலரங்குகள் குறையவில்லை. மாலை நேர டியூசனும் குறையவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது பல திடல்களும் மறைந்துபோயின. எஞ்சியிருப்பது பெரும்பாலும் பள்ளித் திடல்தான். அந்தத் திடலில் நம் பிள்ளைகள் எதையாவது வென்றால், அது வட்டார அளவிலான ஓட்டமாக இருந்தாலும் சதுரங்கமாக இருந்தாலும் சரி, அடுத்த சுற்றுக்கு அவர்கள் சென்றாலும் செல்லாவிட்டாலும் சரி, அதனை எழுதி வையுங்கள்.

அந்தக் கோல் காவலன் இப்போது கிள்ளானில் ஒரு பட்டறையில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் தொழில் கற்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு பந்து விளையாடுகிறான். சென்ற தீபாவளிக்குச் சந்தித்தபோது, அந்த அட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். ஆண்டு முடிவில் அதனைக் கழற்றியபோது அவன் தம்பி வாங்கிக்கொண்டு போனதை நினைவூட்டினேன். "அப்ப அம்மா அலமாரில இருக்கும் டீச்சர்" என்றான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்றால், 118 மாடிக் கோபுரத்தைக் காட்டிவிட்டு அதன் அருகிலிருக்கும் மெர்டேக்கா விளையாட்டரங்கையும் காட்டுங்கள். நாட்டின் விடுதலையை அங்கே அறிவித்தார்கள் என்பதோடு, 1980-இல் அங்கே கோல் காத்தவர் யார் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. திங்கட்கிழமை சபைகூடலில் தேர்ச்சி நிலையை அறிவிப்பதற்கு முன், சென்ற வாரம் பள்ளிக்காக விளையாடிய பிள்ளைகளின் பெயர்களை வாசியுங்கள். மாற்று ஆட்டக்காரனாகக் கடைசி வரை அமர்ந்திருந்தவனின் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.